விரல் ஓடுகிறது, பாட்டு ஏன் நகரவில்லை?

கேள்வி: ஏழு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். தினமும் மூன்று மணி நேரம் சாதகம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 180 தட்டு என்று வைத்து, ஒரு பீட்டுக்கு நான்கு நோட் என்று பிசிறில்லாமல் ஓட்ட முடியும். போன மாதம் எங்கள் இசைக்குழுவில் என்னை எடுத்துவிட்டு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) ஒரே ஒரு பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலும்தான். காரணம் கேட்டால், "நீ வாசிக்கிறது சுத்தமா இருக்கு, உயிர் இல்ல" என்கிறார்கள். இந்த ஃபீல் என்பது பிறவியிலேயே வரவேண்டியதா? பழகிக்கொள்ள முடியுமா? பெரிய பெயர்களை எல்லாம் கேட்டுவிட்டேன். வேறு யாரைக் கேட்கவேண்டும்? கடைசியாக நான் வாசித்த நிகழ்ச்சியின் பதிவை இணைத்திருக்கிறேன்.

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பதிவைக் கேட்டேன். உங்கள் கை நல்ல கை. 180-ல் பீட்டுக்கு நான்கு என்றால் நொடிக்கு 12 நோட். அதில் ஒன்றுகூட வழுக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டூடியோவில் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் பிழைக்கிறேன், இந்த வேகம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்.

அப்புறம் மறுபடி கேட்டேன், இந்தத் தடவை கிட்டாரை விட்டுவிட்டுப் பாடகியை மட்டும். நாற்பதாவது நொடிக்குப் பக்கத்தில் அவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிறார். சின்ன இடைவெளி, ஒன்றரை நொடி இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் 14 நோட் போட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். அடுத்த வரியை அவர் எடுக்கும்போது உங்கள் பதினான்காவது நோட் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது; முதல் சொல்லைக் கொஞ்சம் உரக்கப் பாடித்தான் அவர் உள்ளே வரவேண்டியிருக்கிறது. அடுத்த வரியிலும் இதே கதை, அதற்கடுத்ததிலும். சரணம் முடிவதற்குள் அவர் குரலில் ஒரு எரிச்சல் ஏறிவிடுகிறது. உங்கள் குழுவினர் "உயிர் இல்ல" என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல அவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. ரிதம் வாசிக்கும் இடங்களில் உங்கள் ஸ்ட்ரம் (நரம்புகளைச் சேர்த்து மீட்டுவது) டிரம்மரின் ஸ்னேர் டிரம் அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுகிறது. அவர் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார், நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

ஃபீல் பிறவியில் வருவதா என்று கேட்டீர்கள். வராது. அதாவது, சிலருக்குச் சீக்கிரம் பிடிபடும், சிலருக்கு நாளாகும், அவ்வளவுதான். அதை ஒரு மாயமாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நோட் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, அதில் எவ்வளவு அழுத்தம், எந்த இடத்தில் வாசிக்காமல் விடுவது - பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இந்தச் சாதாரணச் சங்கதிகள்தான். எல்லாமே கையால் செய்வது. கையால் செய்வதைப் பழகலாம்.

கணக்காகவே பார்ப்போம். டெம்போ 80 என்றால் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவே 750 மில்லிசெகண்ட். அதில் உங்கள் ஸ்ட்ரம் 20, 30 மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தால் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள், கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் பாட்டு தளர்ந்து உட்காரும். அதே அளவு முன்னால் விழுந்தால் பதற்றமாகும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, உடம்புக்குத் தெரிந்துவிடும்.

இதை வேண்டுமென்றே செய்து காட்டிய ஒரு பதிவு இருக்கிறது. 1965-ல் மெம்ஃபிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் வில்சன் பிக்கெட் பாடிய 'இன் த மிட்நைட் ஹவர்'. பதிவின்போது தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், அன்றைக்கு இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த ஜெர்க் என்ற நடனத்தை அறைக்குள் வந்து ஆடியே காட்டினாராம். இரண்டாவது பீட்டும் நான்காவது பீட்டும் இப்படித் தள்ளி விழவேண்டும் என்று. டிரம்மர் அல் ஜாக்சனும் கிட்டார் வாசித்த ஸ்டீவ் க்ராப்பரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே அளவு தாமதிக்கிறார்கள்; இரண்டு பேர் ஒரே கையாக. க்ராப்பர் வாசிப்பதைத் தாளில் எழுதினால் ஒரு வாரம் பழகிய மாணவன்கூட வாசித்துவிடலாம் என்றுதான் தோன்றும். வாசித்துப் பாருங்கள். எனக்கு அந்த இரண்டு பீட்டும் ஒரே இடத்தில் நிலைத்து உட்கார மூன்று மாதம் ஆனது.

நீங்கள் கேட்ட பட்டியலில் க்ராப்பரை முதலில் வையுங்கள். பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்குடன் சேர்ந்து 'டாக் ஆஃப் த பே'யை எழுதியவர் அவர்தான். அதில் குரல் ஓயும் இடங்களில் மட்டும் கிட்டார் தலைகாட்டும். இரண்டு மூன்று நோட், உடனே ஒதுங்கிவிடும். பதிவு முடிந்து சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, ரெட்டிங் விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு உட்கார்ந்து அந்தப் பாட்டின் மிக்ஸிங்கை முடித்தவரும் க்ராப்பர்தான். பதினான்கு நோட் போட அவருக்கும் இடம் இருந்தது.

உங்களுக்கு நடந்ததைப் போலவே ஒன்று ஹியூபர்ட் சம்லினுக்கும் நடந்தது. ஹவ்லின் உல்ஃப் என்ற ப்ளூஸ் பாடகரிடம் கிட்டார் வாசித்தவர். சின்ன வயதில் அவர் வாசிப்பு பாடகரின் குரல் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்ததால், உல்ஃப் அவரை மேடையிலிருந்து அனுப்பிவிட்டாராம். பிக்கை, அதாவது நரம்பை மீட்டும் சின்னத் தகட்டை, தூக்கிப் போட்டுவிட்டு வா என்று. சம்லின் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. பிக் இல்லாமல் வெறும் விரலால் மீட்டத் தொடங்கியதும் சத்தம் தானாகக் குறைந்தது, நோட்டுகள் உருண்டையாயின, குரலுக்கு இடம் கிடைத்தது. பாடகர் 1976-ல் இறக்கும்வரை அந்தக் கிட்டார் அவர் பக்கத்தில் இருந்தது, நடுவில் சில பிரிவுகளைத் தவிர. விரலுக்கு மாறியது ஒரு உத்தி மாற்றம்தான், கவனித்தீர்களா? மந்திரம் எதுவும் போடவில்லை.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோ வேலைக்குப் போகத் தொடங்கிய புதிது. ஒரு மெதுவான பாட்டு. பாடகர் பயிற்சி எடுப்பதற்காக கைட் ட்ராக் ஒன்று போடச் சொன்னார்கள். பிறகு அழித்துவிடப் போவது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகரின் உதடுகளைப் பார்த்துக்கொண்டே, கார்டு மாறும் இடங்களில் மட்டும் ஏதோ வாசித்து வைத்தேன். ஒரு இடத்தில் ஃப்ரெட்டில் நரம்பு இடித்துக் கரகரத்தது. எல்லோரும் போன பிறகு மூன்று மணி நேரம் உட்கார்ந்து "உண்மையான" பகுதியை வாசித்தேன். அடுக்கடுக்காக, இன்வெர்ஷன் (கார்டின் நோட்டுகளை வரிசை மாற்றி அடுக்குவது) எல்லாம் போட்டு, எனக்கே பெருமையாக இருந்தது. பாட்டு வெளியானபோது கேட்டால், கரகரப்போடு என் கைட் ட்ராக்! மூன்று மணி நேர வேலையைக் காணவில்லை. கோபத்தோடு தயாரிப்பாளரிடம் போய்க் கேட்டேன். "அந்த மூணு மணி நேரமும் நீ உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்த" என்றார். ஒரு வருடம் அவரோடு சரியாகப் பேசவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கரகரப்பு வரும் இடத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, இப்படிப்பட்டவர்கள் ஏன் வெளியே தெரிவதில்லை? அவர்கள் செய்யும் வேலையே இன்னொருவரை நன்றாகக் கேட்கவைப்பது. அது சரியாக நடந்தால் கேட்பவர் பாடகரைப் புகழ்வார், இல்லை பாட்டைப் புகழ்வார். கவுன்ட் பேஸியின் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் ஃப்ரெடி க்ரீன் 1937-ல் சேர்ந்தார். 1987-ல் இறக்கும்வரை, ஐம்பது வருடம், கிட்டத்தட்ட அதே நாற்காலி. ஆம்ப்ளிஃபயர் இல்லாத கிட்டார். சுற்றிலும் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் என்று பித்தளைச் சேனை. சோலோ என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பாருக்கு (நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) நான்கு ஸ்ட்ரம், அதே நான்கு, இரவு முழுக்க. கூர்ந்து கேட்டால் கார்டு என்று நாம் நினைப்பதில் பல சமயம் ஒன்றோ இரண்டோ நோட்தான் ஒலிக்கும், மற்ற நரம்புகளை விரலால் அடக்கி வைத்திருப்பார். கிட்டார் தனியாகக் காதில் விழாது. அது நின்றுவிட்டால் ஆர்க்கெஸ்ட்ராவின் நடை மாறிவிடும் என்று கூட வாசித்தவர்களுக்குத் தெரியும்.

ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த ஜிம்மி நோலனும் இப்படித்தான். இடது கை கார்டை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கும், வலது கை, நரம்புகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தில், ஓயாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். கோழி மண்ணைக் கிளறுவது போன்ற சத்தம். அதற்கு அந்தப் பெயரே வந்துவிட்டது. 1965-ல் வெளியான 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டில் கேளுங்கள். இன்றைக்கு ஃபங்க் ரிதம் வாசிக்கும் எல்லோர் கையிலும் நோலன் இருக்கிறார், பெயர் தெரிந்தவர்கள் சொற்பம். ஏசி/டிசி ராக் குழுவில் தம்பி ஆங்கஸ் யங் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு மேடை முழுக்க ஓடுவார், அண்ணன் மால்கம், 2014-ல் விலகும்வரை, பின்னால் ஆம்ப் பக்கத்திலேயே நிற்பார். 1980-ல் வந்த 'பேக் இன் பிளாக்' பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இ, டி, ஏ, மூன்று கார்டு. அதை வாசிக்காத மாணவன் கிடையாது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது கார்டுகளுக்கு நடுவே இருக்கும் மௌனத்தில். கார்டை உரிய நேரத்தில் கையால் அடக்காமல் இழுத்துவிடுவார்கள், உடனே அந்தப் பாட்டின் மிடுக்கு போய்விடும். நோட் தொடங்குவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதிகூட அது முடிவதில் காட்டுவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ரிதம். உங்களுக்கு ஆசை லீடில், அதாவது முன்னால் வந்து தனித்து வாசிப்பதில், என்பது பதிவிலேயே தெரிகிறது, அதனால் பீட்டர் க்ரீனுக்கு வருகிறேன். 1967-ல் ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கியவர். அந்தக் குழு பின்னாட்களில் வேறு ஆட்களோடு, வேறு மாதிரிப் பாட்டுகளோடு உலகப் புகழ் பெற்றதில் இவர் பெயர் அடியில் போய்விட்டது. 1968-ல் வந்த 'ஆல்பட்ராஸ்' பாடலே இல்லாத வெறும் இசை. மெதுவாக, அலை மேல் மிதப்பதுபோல் போகும். பிரிட்டனில் முதலிடம் வரை போனது. அதில் உங்கள் வேகத்துக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு நோட்டும் முழுசாகப் பிறந்து முழுசாக மறைய விடுகிறார்.

இவர் கிட்டாரைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. 1959-ல் செய்த அந்த லெஸ் பால் வகைக் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் (நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பேசுவதுபோல் ஒரு ஒல்லியான சத்தம் வரும். அந்தச் சத்தம் வேண்டும் என்று தங்கள் கிட்டாரைப் பிரித்துக் காந்தத்தைத் திருப்பி வைத்தவர்கள் ஏராளம். நானும் வைத்தேன். சத்தம் வந்தது. க்ரீன் வரவில்லை. மறுபடி பழையபடியே திருப்பிவிட்டேன், அந்தச் சாக்கில் ஒரு ஒயரும் அறுந்தது.

வைப்ரேட்டோவுக்கு, அதாவது நோட்டை அசைத்து நடுங்கவைப்பதற்கு, ஃப்ரீ குழுவின் பால் கொசாஃபைக் கேளுங்கள். 'ஆல் ரைட் நௌ' 1970-ல் வந்தது, 1976-ல் 25 வயதில் ஆள் போய்விட்டார். நரம்பைத் தள்ளி வைப்ரேட்டோ செய்யும்போது சுருதி மேலே மட்டும்தான் போக முடியும். கீழே போக வழியில்லை, அழுத்திய இடம்தான் தரை. ஆகவே ஒவ்வொரு அசைவும் தரையைத் தொட்டுவிட்டு மேலே போகவேண்டும். உங்கள் பதிவில் நீங்கள் தரைக்கு வருவதற்குள் அடுத்த அசைவைத் தொடங்கிவிடுகிறீர்கள், அதனால் நோட் கொஞ்சம் ஏறிய சுருதியிலேயே நடுங்குகிறது. கொசாஃபின் நோட் நடுங்கினாலும் வீடு எங்கே என்று அதற்குத் தெரியும். கமகம் பாடுகிறவர்களிடமும் இதையே கேட்கலாம்: அசைவு எவ்வளவு பெரிதானாலும் ஸ்வரம் தொலையாது.

எடி ஹேசல் பற்றிப் பேசாவிட்டால் யாராவது எழுதுவீர்கள். ஃபங்கடெலிக் குழுவின் 'மேகட் பிரெய்ன்', 1971, பத்து நிமிடம், பெரும்பகுதி கிட்டார் சோலோ. "உன் அம்மா இறந்துவிட்டதாக இப்போதுதான் கேள்விப்பட்டாய், அப்படி வாசி" என்ற பொருளில் குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் சொன்னதாகக் கதை. அருமையான பதிவு. ஆனால் அந்தக் கதையால் ஒரு கெடுதல் நடந்திருக்கிறது. ஃபீல் என்றால் சோகம், முகத்தைச் சுளித்துக் கண்ணை மூடிக்கொள்வது என்று ஒரு தலைமுறையே நினைத்துவிட்டது. கண்ணை மூடியவர்கள் டிரம்மரைப் பார்ப்பதில்லை! ஹேசல் அங்கே செய்வதைக் கேளுங்கள். நீண்ட நோட்டுகள், ஒன்று அடங்கிய பிறகே அடுத்தது, உச்சத்துக்குப் போனதும் அங்கேயே குடியிருக்காமல் இறங்கி வருவது. துக்கம் இருந்திருக்கலாம். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை இருந்தது.

ஆகவே வேகத்தை விட்டுவிடாதீர்கள். "எனக்கு டெக்னிக் முக்கியமில்லை, ஃபீல்தான்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் பழகச் சோம்பல்பட்டவர்கள், இதைக் கோபமாகவே சொல்கிறேன். மிக மெதுவாக, மிகச் சன்னமாக, ஒரே சீராக வாசிப்பதற்கு உங்கள் 180-ஐவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டும். டானி கேட்டனைத் தேடிக் கேளுங்கள். டெலிகாஸ்டர் என்ற மின்கிட்டாரில் வேகம், ஜாஸ், கன்ட்ரி, ராக் எல்லாம் ஒரே மூச்சில் போகும், எல்லாவற்றிலும் துள்ளல் இருக்கும். "உலகத்தின் மிகப் பெரிய, யாருக்கும் தெரியாத கிட்டார்காரர்" என்று ஒரு கிட்டார் இதழ் அட்டையிலேயே போட்டது. வேகமும் உயிரும் ஒரே கையில் இருக்க முடியும்.

இனி என்ன செய்யலாம்? மூன்று மணி நேரத்தில் ஒரு மணியை எனக்குக் கொடுங்கள்.

மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். அந்த க்ளிக்கை ஒன்று, மூன்று என்று எண்ணாமல் இரண்டாவது, நான்காவது பீட்டாக எண்ணுங்கள். அப்படியானால் டெம்போ 120. ஒரே கார்டை வைத்து ஸ்ட்ரம் மட்டும் செய்யுங்கள். முதல் நாள் தலை சுற்றும். அது பழகியதும் 30-க்கு இறக்கி, நான்காவது பீட்டில் மட்டும் க்ளிக் வரும்படி எண்ணுங்கள். நடுவில் இருக்கும் மூன்று பீட்டையும் நீங்களேதான் சுமக்கவேண்டும், இயந்திரம் உதவாது. அதற்குப் பிறகு நான்கு பார் க்ளிக்குக்குச் சற்று முன்னால், நான்கு பார் அதன் மேலேயே, நான்கு பார் சற்றுப் பின்னால் என்று வாசித்துப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். வாசித்த சூட்டில் எல்லாம் நன்றாகவே தோன்றும். முதல் பத்து நாளும் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சோலோவுக்கு, முதலில் வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை, என்னுடையதை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. வாயால் பாடினால் மூச்சு தீர்ந்துவிடும், தீர்ந்த இடத்தில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். விரலுக்கு மூச்சு கிடையாது, அதுதான் தொல்லை. பாடியதை மட்டும் வாசியுங்கள்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய அதே பாட்டு. பாடகி பாடும்போது ரிதம் மட்டும். அவர் வரி முடிக்கும் இடத்தில் அதிகபட்சம் மூன்று நோட், அதுவும் அவர் அடுத்த மூச்சை உள்ளிழுப்பதற்குள் அடங்கியிருக்கவேண்டும். இரண்டு வரிக்கு ஒருமுறை ஒன்றுமே வாசிக்காதீர்கள். முதலில் உங்களுக்குக் கை அரிக்கும். ஏழு வருடம் உழைத்துவிட்டுச் சும்மா நிற்கிறோமே என்று அவமானமாகக்கூட இருக்கும். எனக்கு இருந்தது.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பதிலாக வந்தவர் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு ஒருமுறை போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்க்காமல் பாடகியை மட்டும் கேளுங்கள். நாற்பதாவது நொடிக்குப் பக்கத்தில் அவர் வரியை முடித்து மூச்சு வாங்குவார். அந்த ஒன்றரை நொடியில் கிட்டாரிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.